காக்காய்க்கொல்லி விதையும் ஹிப்போகாம்பஸும்: தடுக்கும் நியூரான்கள் செய்வது என்ன?

வலிப்பு நோய், ஆட்டிசம், அல்சைமர் ஆகியவை பற்றிய அறிவியல் செய்திகளில் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது: மூளையில் தூண்டலுக்கும் தடுப்புக்கும் இடையே இருக்க வேண்டிய சமநிலை குலைந்துவிட்டதாம். இதைப் படிப்பவர் மனத்தில் காரின் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் போன்ற படம் பதிந்துவிடுகிறது. தூண்டும் நியூரான் (நரம்புச் செல்) வேகத்தைக் கூட்டும், தடுக்கும் நியூரான் குறைக்கும், இரண்டும் உரிய அளவில் இருந்தால் நலம் என்று எண்ணத் தோன்றுகிறது. தடுக்கும் நியூரான்கள் பயன்படுத்தும் வேதிப்பொருளான 'காபா'வை இணையக் கடைகளில் மாத்திரையாக விற்பவர்களும் இந்தப் படத்தை நம்பித்தான் கடை விரித்திருக்கிறார்கள்.

இந்தப் படம் முழுப் பொய் இல்லை. ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தடுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது செல்லின் எந்த இடத்தில், எந்த மில்லிநொடியில் விழுகிறது என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியில் இது மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருப்பதால், அதை வைத்தே விளக்குவது எளிது.

அடிப்படை: இரண்டு வகைச் செல்கள், இரண்டு வேதிப்பொருள்கள்

ஹிப்போகாம்பஸ் என்பது மூளையின் நெற்றிப்பொட்டு மடலின் (temporal lobe) உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக அமைந்திருக்கும், சுமார் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள வளைந்த பகுதி. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹென்றி மொலெய்சன் என்பவருக்கு, கட்டுக்கடங்காத வலிப்பை நிறுத்துவதற்காக, இரு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த நிகழ்ச்சிகள் எதுவும் மொலெய்சன் மனத்தில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்ததன் வழியாகத்தான் புதிய நினைவுகள் உருவாக இந்தப் பகுதி தேவை என்பது உறுதியானது. வலிப்பு மிக எளிதில் பற்றிக்கொள்ளும் இடமும் நினைவு உருவாகும் இடமும் ஒன்றாகவே இருப்பது தற்செயல் இல்லை என்பதைக் கீழே காண்போம்.

நியூரான் ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 65 முதல் 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். இந்த அளவு -50 மில்லிவோல்ட்டை ஒட்டி உயர்ந்தால், செல் ஒரு மின்துடிப்பை வெளியிடும். அத்துடிப்பு ஆக்சான் என்ற நீண்ட இழை வழியே ஓடி, அடுத்த செல்லைச் சந்திக்கும் சினாப்ஸில் ஒரு வேதிப்பொருளைச் சிந்தச் செய்யும். இனி நடப்பது அந்த வேதிப்பொருளைப் பொறுத்தது.

1. தூண்டும் நியூரான்கள் குளூட்டமேட்டைச் சிந்துகின்றன. அது அடுத்த செல்லில் சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் நுழையும் வாயில்களைத் திறக்க, மின்னழுத்தம் உயர்ந்து, செல் துடிப்பை நெருங்குகிறது.

2. தடுக்கும் நியூரான்கள் காபாவைச் சிந்துகின்றன. அது திறப்பது குளோரைடு வாயிலை. குளோரைடு எதிர்மின் அயனி என்பதால் அது உள்ளே வரும்போது மின்னழுத்தம் தாழ்கிறது. தாழாத நிலையிலும் தடுப்பு நடக்கும். திறந்து கிடக்கும் வாயில்கள், பக்கத்தில் வந்து சேரும் தூண்டல் மின்னோட்டத்தைக் கசியவிட்டு வலுவிழக்கச் செய்கின்றன.

எண்ணிக்கையில் இருவகையும் சமமில்லை. ஹிப்போகாம்பஸின் சி.ஏ.1 என்ற பகுதியில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நியூரான்களே தடுக்கும் வகை. மற்றவை பிரமிடு வடிவச் செல் உடல் கொண்ட தூண்டும் நியூரான்கள். எலியின் சி.ஏ.1 பிரமிடு செல் ஒன்றின்மேல் சுமார் 30,000 தூண்டும் சினாப்ஸ்களும் சுமார் 1,700 தடுக்கும் சினாப்ஸ்களும் இருப்பதாக மின்னணு நுண்ணோக்கியில் எண்ணிக் கண்டிருக்கிறார்கள். முப்பதாயிரத்தை ஆயிரத்து எழுநூறு எப்படிச் சமாளிக்கிறது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி.

சுற்று: செய்தி போகும் வழியும் தீப்பற்றும் இடமும்

புலன்களிலிருந்து திரண்ட செய்தி முதலில் பல்வரிசை மடிப்பு எனத்தக்க டென்டேட் கைரஸின் சிறுமணிச் செல்களை அடைகிறது. அவற்றின் ஆக்சான்கள் சி.ஏ.3 பகுதியின் பிரமிடு செல்களைத் தொடுகின்றன; சி.ஏ.3 செல்கள் சி.ஏ.1 செல்களைத் தொடுகின்றன. அங்கிருந்து செய்தி வெளியேறிப் பெருமூளைப் புறணிக்குத் திரும்புகிறது. இம்மூன்று படிகளிலும் தூண்டல் மட்டுமே கைமாறுகிறது.

இவற்றில் சி.ஏ.3 தனித்தன்மை கொண்டது. அங்குள்ள பிரமிடு செல்கள் சி.ஏ.1-க்கு இழை அனுப்புவதோடு நிற்காமல், தங்களுக்குள்ளேயும் ஒன்றையொன்று தூண்டிக்கொள்கின்றன. எலியில் சி.ஏ.3 செல் ஒன்று தன் கூட்டாளிகளிடமிருந்து மட்டும் பன்னிரண்டாயிரம் அளவிலான தூண்டும் இணைப்புகளைப் பெறுகிறது. ஒரு நிகழ்ச்சியின் துணுக்கு ஒன்று கிடைத்தாலே முழு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருவதற்கு இந்த உள்வலை அடிப்படையாகக் கருதப்படுகிறது: முன்பு சேர்ந்து துடித்த செல்களில் சில துடித்தால், அவை மீதியையும் எழுப்பிவிடுகின்றன. அதே உள்வலைதான் ஆபத்தும். சிலரை எழுப்புவதற்கான அமைப்பு, கட்டுப்பாடு தளர்ந்தால், எல்லோரையும் எழுப்பிவிடும். பெருந்திரளான செல்கள் ஒரே நேரத்தில் துடிப்பதற்குப் பெயர்தான் வலிப்பு.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சிறுமணிச் செல்லின் ஆக்சான் தூண்டும் இழைதான்; ஆயினும் சி.ஏ.3-க்குள் அது தொடும் செல்களை எண்ணினால் பிரமிடு செல்களைவிடத் தடுக்கும் செல்களே அதிகம். தூண்டலை அனுப்பும்போதே அதற்கான தடையையும் கூடவே அனுப்பிவைக்கும் ஏற்பாடு இது.

இரண்டு நஞ்சுகள் சொல்லும் பாடம்

கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய ஊகம் தேவையில்லை. இரண்டு நஞ்சுகள் அதைக் காட்டிவிட்டன.

முதலாவது நம் ஊர்ப் பொருள். தென்னிந்தியக் காடுகளில் படரும் காக்காய்க்கொல்லிக் கொடியின் விதையை இடித்து நீரில் கலந்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பழையது. பேன் ஒழிக்கத் தலையில் தேய்ப்பதும் உண்டு. உட்கொண்டவர்களுக்கு அடங்காத வலிப்பு வரும். அவ்விதையிலுள்ள பிக்ரோடாக்சின் என்ற பொருள், காபா திறக்க வேண்டிய குளோரைடு வாயிலின் துளையையே அடைத்துவிடுகிறது. காபா சுரக்கிறது, வாயிலில் தன்னைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியில் அமர்கிறது, ஆனால் அயனி நகர்வதில்லை. ஹிப்போகாம்பஸின் மெல்லிய வெட்டு ஒன்றை ஆய்வகத் தட்டில் உயிரோடு வைத்து இதே பொருளைச் சேர்த்தால், வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் கூட்டப்படாத நிலையிலும், சி.ஏ.3 செல்கள் கூட்டமாகச் சேர்ந்து துடிக்கத் தொடங்குகின்றன. தடுப்பு என்பது அவசரத்துக்கு மட்டும் அழுத்தும் பொறி இல்லை. ஒவ்வொரு நொடியும் நடந்துகொண்டிருக்கும் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது கனடாவில் நேர்ந்தது. 1987-இன் இறுதியில், பிரின்ஸ் எட்வர்டு தீவில் வளர்க்கப்பட்ட மட்டிகளைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் வாந்தி, குழப்பம், வலிப்பு எனப் பாதிக்கப்பட்டனர்; சிலர் இறந்தனர். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் திறன் நிரந்தரமாகக் கெட்டது. கடலின் நுண்பாசி ஒன்று உண்டாக்கிய டோமோயிக் அமிலம் மட்டிகளில் சேர்ந்திருந்ததே காரணம். அந்த அமிலம் வடிவத்தில் குளூட்டமேட்டை ஒத்தது. குளூட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகையை அதைவிட மிக வலுவாகத் திறந்துவைப்பது. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது ஹிப்போகாம்பஸ் செல்கள் பெருமளவில் மடிந்திருப்பது தெரிந்தது. பிழைத்த ஒருவருக்கு ஓராண்டு கழித்து நெற்றிப்பொட்டு மடல் வலிப்பு நோயே வந்தது. அளவு மீறிய தூண்டல் செல்லைத் துடிக்கவைத்தே கொன்றுவிடும்.

இவ்வளவும் ஆக்சிலேட்டர்-பிரேக் படத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் படத்துக்குள் அடங்காதவை இனி வருபவை.

எந்த இடத்தில் தடுப்பது?

பிரமிடு செல்லைக் கூர்ந்து பார்ப்போம். செய்தியைப் பெறும் அதன் டெண்டிரைட் கிளைகள் எங்கும் தூண்டும் சினாப்ஸ்கள் மொய்த்திருக்கின்றன. ஆனால் செல் உடலிலும், மின்துடிப்பு பிறக்கும் ஆக்சான் தொடக்கத்திலும் தூண்டும் சினாப்ஸ் ஏறக்குறைய இல்லை. அங்கே இருப்பவை தடுப்பவை. முப்பதாயிரம் பேர் கிளைகளில் கூடிப் பேசலாம். துடிப்பு பிறக்கும் வாசலில் நிற்பவர்களோ தடுப்பவர்கள். சிறுபான்மை பெரும்பான்மையைச் சமாளிக்கும் இரகசியத்தில் பாதி இது.

மீதிப் பாதி, தடுக்கும் செல்களுக்குள் நிலவும் வேலைப் பங்கீடு. சி.ஏ.1-இல் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் இனங்காணப்பட்டுள்ளன. முதன்மையானவை நான்கு.

1. கூடைச் செல்கள். இவற்றின் ஆக்சான் பிரமிடு செல்லின் உடலைக் கூடை பின்னியது போலச் சூழ்ந்திருப்பதால் இப்பெயர். ஒரே கூடைச் செல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரமிடு செல்களைத் தொடும். பார்வால்புமின் என்ற புரதம் கொண்ட கூடைச் செல்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேலும் களைப்பின்றித் துடிக்கக்கூடியவை. பிரமிடு செல்லோ நெடுநேரம் துடிக்காமலே இருக்கும். ஹிப்போகாம்பஸில் தடுப்பது இச்செல்களே என்று 1963-இல் பெர் ஆண்டர்சனும் ஜான் எக்கில்சும் காட்டினர். அதுவரை தடுக்கும் செல் எது என்பதே ஊகமாக இருந்தது.

2. சரவிளக்குச் செல்கள். இவை ஆக்சான் தொடக்கத்தை மட்டுமே குறிவைக்கின்றன.

3. ஓ-எல்.எம். செல்கள். இவை டெண்டிரைட்டின் மிகத் தொலைவான நுனிக்கிளைகளில் அமர்ந்து, புறணியிலிருந்து நேரடியாக வரும் செய்தியை அங்கேயே மட்டுப்படுத்துகின்றன; சி.ஏ.3-இலிருந்து வரும் செய்தியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. செல்லை நிறுத்தாமல், அதற்கு வரும் இரண்டு செய்திகளில் எதற்குச் செவிகொடுப்பது என்பதை மட்டும் மாற்றும் தடுப்பு இது.

4. தடுப்பவர்களைத் தடுக்கும் செல்கள். வி.ஐ.பி. என்ற புரதத்துண்டு கொண்ட இவற்றில் ஒரு பிரிவு, பிரமிடு செல்லை விட்டுவிட்டு மற்றத் தடுக்கும் செல்களையே தொடுகிறது. இவை துடித்தால் பிரமிடு செல்லுக்குத் தளைவிடுதலை. காபாவைச் சிந்தும் செல்லே தூண்டலுக்கு வழிவிடுகிறது.

நான்காவது வகையைப் படித்த பிறகு, 'காபா கூடினால் மூளை அமைதியாகும்' என்ற வாக்கியம் எவ்வளவு மேலோட்டமானது என்பது விளங்கும். எந்தச் செல்லின் காபா, எந்தச் செல்லின்மேல் என்று கேட்காமல் அதற்குப் பொருளே இல்லை.

எந்த மில்லிநொடியில் தடுப்பது?

சி.ஏ.3-இலிருந்து வரும் ஆக்சான், சி.ஏ.1-இன் பிரமிடு செல்லையும் பக்கத்திலுள்ள கூடைச் செல்லையும் ஒரே நேரத்தில் தூண்டுகிறது. கூடைச் செல் விரைவானது. உடனே துடித்து, அதே பிரமிடு செல்லின்மேல் காபாவைச் சிந்துகிறது. ஆக, பிரமிடு செல்லுக்கு முதலில் தூண்டல், ஓரிரு மில்லிநொடியில் தடுப்பு. இதை முன்னோட்டத் தடுப்பு எனலாம். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் வந்து சேரும் தூண்டல்களை மட்டுமே அந்தச் செல் ஒன்றாகக் கூட்ட முடியும். எலி மூளை வெட்டுகளில் ஃப்ரெடெரிக் புயிலும் மாசிமோ ஸ்கன்ஜியானியும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சாளரம் சுமார் 2 மில்லிநொடி அளவே இருந்தது. தடுப்பை மருந்தால் அடைத்தபோது பல மடங்கு விரிந்தது. தடுப்பு இருக்கும்போது அந்தச் செல் 'இவை இரண்டும் ஒரே கணத்தில் வந்தனவா' என்று கண்டுபிடிக்கும் கருவி. தடுப்பு போனதும், முன்னும் பின்னும் வந்தவற்றையெல்லாம் குழப்பிக் கூட்டும் கருவி. மொத்தத் தூண்டலின் அளவு மாறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொன்று பின்னூட்டத் தடுப்பு. பிரமிடு செல் துடித்த பிறகு அதுவே பக்கத்துத் தடுக்கும் செல்லைத் தூண்ட, அது திரும்பி வந்து பிரமிடு செல் கூட்டத்தைத் தடுக்கிறது. முதலில் துடித்த சில செல்கள் மற்றவற்றை அடக்கிவிடுவதால், ஒரு நேரத்தில் சிறு குழு மட்டுமே பேச முடிகிறது. எலி ஓர் அறைக்குள் நடக்கும்போது, குறிப்பிட்ட ஓர் இடத்தை அடைந்தால் மட்டும் துடிக்கும் 'இடச் செல்'களை ஜான் ஓகீஃப் 1971-இல் கண்டறிந்தார். 2014-இன் நோபல் பரிசு அவருக்கும் மோசர் இணையருக்கும் கிடைத்தது. ஓர் இடத்தில் நூறு செல்களில் சிலவே துடிக்க, மற்றவை வாளாவிருப்பதால்தான் இந்த இடமும் அடுத்த இடமும் வேறுவேறாகப் பதிகின்றன. அந்த அமைதியைக் காப்பதில் தடுப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

அலைகள்: தடுப்பே தாளம் போடுகிறது

ஹிப்போகாம்பஸில் மின்முனை வைத்தால் மூன்று வகை அலைகள் தெரியும். எலி நடமாடும்போது நொடிக்கு 6 முதல் 10 வரை ஏறி இறங்கும் தீட்டா. அதன்மேல் சவாரி செய்யும், நொடிக்கு 30 முதல் 100 வரையிலான காமா. ஓய்விலும் ஆழ்ந்த உறக்கத்திலும் திடீரென எழுந்து நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும், நொடிக்கு 150-ஐத் தாண்டும் ரிப்பிள்.

இந்தத் தாளத்தை உருவாக்குவதில் தடுப்பின் பங்கை ஆக்ஸ்போர்டில் பீட்டர் ஷொமோஜியின் குழு 1995-இல் நேரடியாகக் காட்டியது. ஒரே ஒரு கூடைச் செல்லைத் துடிக்கவைத்தாலே, அது தொடும் பிரமிடு செல்களின் துடிப்பு நேரம் ஒன்றோடொன்று இணங்கிவிடுகிறது. தடுப்பு விழும்போது எல்லாம் அடங்குகின்றன; அது விலகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் மீள்கின்றன. அடக்கிய செல்லே, அடங்கியவை எப்போது சேர்ந்து எழ வேண்டும் என்பதையும் வகுத்துவிடுகிறது.

உயிருள்ள எலியிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒளியால் குறிப்பிட்ட வகைச் செல்லை மட்டும் அணைக்கும் நுட்பத்தைப் பயன்படுத்தி, ஜியோர்ஜி புசாகியின் குழு 2012-இல் இரண்டு வகைகளைத் தனித்தனியே அணைத்துப் பார்த்தது. செல் உடலைத் தடுக்கும் பார்வால்புமின் செல்களை அணைத்தபோது, இடச் செல்கள் தீட்டா அலையின் எந்தக் கட்டத்தில் துடிக்கின்றன என்பது நகர்ந்தது. டெண்டிரைட்டைத் தடுக்கும் செல்களை அணைத்தபோது, துடிப்புகள் கொத்துக் கொத்தாக வருவது கூடியது. இரண்டும் தடுப்புக் குறைவுதான். விளைவு ஒன்றாக இல்லை. செய்திக் கட்டுரைகளில் 'தடுப்பு குறைந்தது' என்று ஒற்றை வரியில் எழுதுவோர் படிக்க வேண்டிய ஆய்வு இது.

ரிப்பிள் அலைக்கு நினைவோடு நேரடித் தொடர்பு உண்டு. பகலில் எலி ஓடிய பாதையில் துடித்த இடச் செல்கள், ரிப்பிளின்போது அதே வரிசையில், பன்மடங்கு வேகத்தில் மீண்டும் துடிக்கின்றன. பயிற்சிக்குப் பின் வரும் உறக்கத்தில் இந்த ரிப்பிள்களை மட்டும் மின்துடிப்பால் கலைத்தபோது எலிகள் பாதையைக் கற்பது பின்தங்கியது என்று 2009-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் காட்டினர். அந்த மிகக் குறுகிய நேரத்தில் கூடைச் செல்கள் உச்ச வேகத்தில் துடிக்கின்றன. மயக்கநிலை எலிகளில் ஓ-எல்.எம். செல்கள் அதே நேரம் ஓய்ந்துவிடுகின்றன. ஒரு வகைத் தடுப்பு உச்சத்தில் இருக்க, இன்னொரு வகை விலகி நிற்கிறது. இவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு எந்தப் பயனும் இல்லை.

நோயில் தெரியும் விளைவுகள்

இந்த வேறுபாடுகள் மருந்துச் சீட்டு வரை வந்து சேர்கின்றன.

1. டிராவெட் நோய். முதல் வயதுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்கும் கடுமையான குழந்தை வலிப்பு இது. காரணம் பெரும்பாலோரில் எஸ்.சி.என்.1.ஏ என்ற மரபணுவின் பழுது. அம்மரபணு தருவது ஒரு சோடியம் வாயில். மின்துடிப்புக்கே சோடியம் தேவை என்பதால், வாயில் பழுதானால் மூளை மந்தமாக வேண்டும். ஏன் வலிப்பு வருகிறது? வில்லியம் காட்டரால் குழு 2006-இல் எலிகளில் விடையைக் கண்டது: அந்த வாயிலை மிகுதியும் நம்பியிருப்பவை தடுக்கும் நியூரான்கள். பிரமிடு செல்களின் சோடியம் மின்னோட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்க, தடுப்பவை துடிக்க முடியாமல் சோர்கின்றன. கார்பமாஸெபின் போன்ற, சோடியம் வாயிலை அடைக்கும் வழக்கமான வலிப்பு மருந்துகள் இக்குழந்தைகளுக்கு நோயை மோசமாக்குவதன் காரணமும் இதுவே.

2. திசை மாறும் காபா. காபா தடுப்பது, செல்லுக்குள் குளோரைடு குறைவாக இருந்தால்தான். கே.சி.சி.2 என்ற புரதம் குளோரைடை வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதால் அது குறைவாக இருக்கிறது. வளர்ச்சியின் தொடக்கத்தில் இப்புரதம் குறைவு. அப்போது காபா திறக்கும் வாயில் வழியே குளோரைடு வெளியேறி, செல்லின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. நெற்றிப்பொட்டு மடல் வலிப்புக்காக அறுவை செய்துகொண்டவர்களின் திசுவிலும் சில செல்களில் காபா இப்படித் தலைகீழாக வேலை செய்வதை 2002-இல் கண்டனர். அத்தகைய செல்லில் தடுப்பைக் கூட்டுவது எரியும் இடத்தில் எண்ணெய் ஊற்றுவதாக முடியும்.

3. முதுமையும் அல்சைமரும். நினைவு மங்கத் தொடங்கிய முதியோரில் ஹிப்போகாம்பஸ் சோர்ந்திருக்கும் என்றே எதிர்பார்ப்போம். படமெடுத்துப் பார்த்தபோது டென்டேட் கைரஸ், சி.ஏ.3 பகுதிகளின் செயல்பாடு மிகுந்திருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012-இல், லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்ததும் அந்த மிகைச் செயல்பாடு தணிந்து, நினைவுச் சோதனையில் மதிப்பெண் உயர்ந்தது. ஆய்வு சிறியது, இதை வைத்து யாரும் மருந்துக் கடைக்குப் போகக் கூடாது. ஆனால் அதிகம் துடிக்கும் ஹிப்போகாம்பஸ் நன்றாக நினைவுகூரும் ஹிப்போகாம்பஸ் இல்லை என்பதை அது காட்டுகிறது.

மறுமுனையும் உண்டு. அறுவைக்கு முன் மிடசோலம் ஊசி பெற்றவர்கள், அறுவை அரங்குக்குள் தாங்கள் விழித்திருந்து பேசியதைக்கூடப் பிறகு நினைவுகூர மாட்டார்கள். அம்மருந்து காபா ஏற்பியின் வேலையை எங்கும் ஒருசேரக் கூட்டுகிறது. வலிப்பை நிறுத்த அது உயிர்காக்கும் மருந்து. ஆனால் இடமும் நேரமும் பாராத தடுப்பில் புதிய நினைவு பதிவதில்லை.

மாத்திரையும் ஸ்கேனும்

காபா மாத்திரைக்கு வருவோம். வாய்வழி உட்கொள்ளும் காபா, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பரணை எளிதில் கடப்பதில்லை. கடந்தாலும், அது கூடைச் செல்லின் சினாப்ஸை நாடுமா, வி.ஐ.பி. செல்லின் சினாப்ஸை நாடுமா என்று வகைபிரிக்க அதற்கு வழியில்லை. மூளை தனக்கு வேண்டிய காபாவைக் குளூட்டமேட்டிலிருந்து, தடுக்கும் செல்லுக்குள்ளேயே, ஒரே வேதிவினையில் செய்துகொள்கிறது.

'காபா அளவு குறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது' என்ற செய்திகளைப் படிக்கும்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காந்த அதிர்வு நிறமாலை என்ற அந்த முறை, பல கன சென்டிமீட்டர் கொண்ட ஒரு மூளைத் துண்டில் உள்ள காபா முழுவதையும் சேர்த்து அளக்கிறது. செல்லுக்குள் சேமிப்பில் கிடக்கும் காபாவும் அதில் அடக்கம். அது எந்தச் செல்லிலிருந்து, எந்த வாசலில், தீட்டா அலையின் எந்தக் கட்டத்தில் சிந்தப்படுகிறது என்பது அந்த எண்ணில் இருக்காது.